500 மீட்டர் சரளை

நுனவுட்டில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. கனடாவின் வடகிழக்கில், 1999 ஏப்ரல் 1 அன்று தனி ஆட்சிப்பகுதியாகப் பிரிக்கப்பட்ட நிலம் இது. பரப்பில் இந்தியாவின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இருக்கும். குடியிருப்பவர்கள் சுமார் 40,000 பேர்தான். அவர்களில் பெரும்பாலோர் இனுயிட் மக்கள். மொத்தம் 25 ஊர்கள். கோடையின் கடைசியில் கடல் திறந்திருக்கும் சில வாரங்களில் கப்பல் வந்து எண்ணெய், மரம், சிமென்ட், மாவு மூட்டை எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போகும். மற்ற மாதங்களில் முட்டை, பால், மருந்து, தபால், புதிதாக வரும் ஆசிரியர், ஊருக்குத் திரும்பும் பாட்டி எல்லாமே விமானத்தில்தான் வர வேண்டும்.

அந்த 25 ஊர்களில் வடகோடியில் இருப்பது கிரீஸ் ஃபியோர்ட். எல்ஸ்மியர் தீவின் தென்கரையில், 76 டிகிரி 25 நிமிட வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கிருந்து வட துருவம் சுமார் 1,500 கி.மீ.; நுனவுட்டின் தலைநகர் இக்காலுயிட்டும் அதே 1,500 கி.மீ. தொலைவுதான். 2021 கணக்கெடுப்பில் அங்கே 144 பேர் இருந்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் மறையும் சூரியன் பிப்ரவரி 10 வாக்கில்தான் மீண்டும் அடிவானத்தை எட்டிப் பார்க்கும். ஊருக்கு முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் செங்குத்தான மலை. இரண்டுக்கும் இடையே கிடைத்த ஒடுங்கிய நிலத்தில் வீடுகளும், பள்ளியும், மருத்துவ நிலையமும், கூடவே சுமார் 500 மீட்டர் நீளமுள்ள ஒரு சரளை ஓடுபாதையும் இருக்கின்றன. அதுதான் விமான நிலையம்.

500 மீட்டர் என்பது எவ்வளவு குறைவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய ஜெட் விமானம் ஒன்று மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 69 மீட்டர். உலர்ந்த தரையில் நன்றாகப் பிரேக் பிடித்து, வினாடிக்கு 3 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் அது நிற்க 800 மீட்டர் ஆகும். கிரீஸ் ஃபியோர்டில் அது கடலில் போய்த்தான் நிற்கும். வேகம் பாதியானால் இயக்க ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். நிற்கும் தூரமும் நான்கில் ஒரு பங்காகும். மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் இறங்கும் விமானம் அதே தரையில் 220 மீட்டருக்குள் நின்றுவிடும். இவ்வளவு மெதுவாகப் பறந்தும் கீழே விழாமல் இருக்கும் விமானம் எது என்ற கேள்விக்கு 1965-லேயே கனடா விடை கண்டுபிடித்துவிட்டது. டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் ட்வின் ஓட்டர் அந்த ஆண்டு மே மாதம் முதன்முதலாகப் பறந்தது.

ட்வின் ஓட்டரைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அழகான விமானம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டி போன்ற உடல், உள்ளே மடங்காமல் எப்போதும் வெளியே தொங்கும் சக்கரங்கள், தலைக்கு மேலே நேராக நீளும் தடித்த இறக்கை. இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. இறக்கை மேலே இருப்பதால் எஞ்சினும் சுழலியும் தரையிலிருந்து உயரத்தில் இருக்கின்றன; சக்கரம் கிளப்பும் கல் அவ்வளவு எளிதில் சுழலியில் அடிக்காது. இறங்கும் நேரத்தில் இறக்கையின் பின்விளிம்பு முழுவதும் மடல்களாகக் கீழே வளைகிறது. மடல்களுக்கு இடையே உள்ள பிளவுகள் வழியாக அடிப்பக்கக் காற்று மேலே பாய்ந்து, மேற்பரப்பில் களைத்துப் பிரியப் பார்க்கும் காற்றுக்கு வேகம் கொடுத்து ஒட்டவைக்கிறது. காற்று இறக்கையை விட்டுப் பிரியாத வரை விமானம் விழாது. தரை தொட்டதும் விமானி சுழலியின் தகடுகளை எதிர்ப்பக்கமாகத் திருப்புகிறார். முன்னே இழுத்த சுழலி இப்போது பின்னே தள்ளுகிறது. வழுக்கும் தரையில் பிரேக்கைவிட இது நம்பகமானது. கோடையில் பெரிய காற்றுச் சக்கரம், குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் பலகை என்று காலணி மாற்றிக்கொள்ளவும் முடியும். 1988-ல் உற்பத்தி நின்றது. ஆனால் இதைவிட்டால் வேறு விமானம் இல்லாத ஊர்கள் உலகில் ஏராளம். அந்தத் தேவையே 2010 வாக்கில் புதிய ட்வின் ஓட்டர்களை மீண்டும் ஆலையிலிருந்து வெளியே வரவைத்தது.

மேலே போட்ட கணக்கு உலர்ந்த தரைக்கு. இறுகிய பனியில் வினாடிக்கு 1 மீட்டர் வீதம்தான் வேகம் குறையும் என்றால், அதே ட்வின் ஓட்டர் பிரேக்கை மட்டும் நம்பி நிற்க 650 மீட்டர் வேண்டும். ஓடுபாதையே 500 மீட்டர்தான். இங்கேதான் எதிர்க்காற்று கைகொடுக்கிறது. மணிக்கு 37 கி.மீ. வேகத்தில் எதிரே காற்று வீசினால், தரையைப் பொறுத்தவரை விமானத்தின் வேகம் 93 கி.மீ. ஆகிவிடும், நிற்கும் தூரம் சுமார் 335 மீட்டருக்கு இறங்கிவிடும். அதே காற்று பக்கவாட்டில் வீசினால் விமானத்தை ஓடுபாதையிலிருந்து தள்ளும். பின்னாலிருந்து வீசினால் இறங்கவே கூடாது. மலையடிவார ஊர் என்பதால் காற்று ஒரே சீராக வருவதும் இல்லை. மேட்டில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தாக்கு வாயில் சீறிக்கொண்டு வெளிவரும். அதனால்தான் இத்தகைய ஊர்களில் விமானம் வருமா என்று கேட்டால், காற்று எப்படி என்று முதலில் பார்க்கிறார்கள்.

குளிர் எதிரி மட்டும் அல்ல, நண்பனும் கூட. காற்று குளிரக் குளிர அடர்த்தி கூடும். 40 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று 1.13 கிலோ, மைனஸ் 40-ல் ஏறக்குறைய 1.5 கிலோ. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இறக்கையைத் தூக்கும் விசை காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது என்பதால், உறையும் நாளில் விமானம் சுமார் 14 விழுக்காடு குறைவான வேகத்திலேயே எழும்பிவிடும். எஞ்சினும் கனத்த காற்றை விழுங்கி அதிக பலம் காட்டும். சுழலி கடிக்கும் காற்றும் கெட்டியாக இருக்கும். பனிக்கட்டியிலும் இப்படி ஒரு வியப்பு உண்டு. சுழியத்துக்கு அருகே இருக்கும் பனிக்கட்டி மிக மோசமாக வழுக்கும். மைனஸ் 30-ல் அதே பனிக்கட்டி சக்கரத்தை ஓரளவு பிடித்துக்கொள்ளும். வடக்கே விமானம் ஓட்டுபவர்களுக்குக் கடுங்குளிரைவிட, சுழியத்தை ஒட்டி இப்படியும் அப்படியும் ஆடும் நாட்கள்தான் அதிகக் கவலை. அப்போதுதான் மழை பனியாகி இறக்கையில் ஒட்டும்; ஓடுபாதையில் கண்ணாடிப் படலம் படியும்.

குளிரின் பொய்களும் உண்டு. விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை அளந்து உயரம் சொல்லும் கருவி. கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பம் என்ற கற்பனை வளிமண்டலத்தை வைத்து அதன் முகப்பு வரையப்பட்டிருக்கிறது. உண்மையான காற்று மைனஸ் 40-ல் சுருங்கிக் கிடக்கும்போது, அழுத்தப் படிகள் எல்லாம் தரையை நோக்கி நெருங்கி வந்துவிடும். கருவி 1,000 அடி என்று காட்டும். உண்மையில் விமானம் சுமார் 800 அடியில் இருக்கும். மலை சூழ்ந்த இடத்தில், இருட்டில், அந்த 200 அடி உயிர்போகும் தவறு. எவ்வளவு குளிருக்கு எத்தனை அடி கூட்ட வேண்டும் என்று அட்டவணை உண்டு. அதைப் பார்த்து உயரத்தைத் திருத்திக்கொண்ட பிறகுதான் விமானி இறங்கத் தொடங்குவார்.

காந்தத் திசைகாட்டியும் இங்கே கைவிடும். பூமியின் காந்தப் புலம் நடுக்கோட்டுப் பகுதியில் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். அந்தக் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. அங்கே சுதந்திரமாகத் தொங்கும் காந்த ஊசி ஏறக்குறையக் கிடைமட்டமாக நிற்கும். கனடாவின் உச்சிக்குப் போனால் அதே ஊசி தரையைத் துளைப்பது போல நேர்கீழே பார்க்கும். பக்கவாட்டில் இழுக்க விசை மிச்சம் இல்லாததால் வடக்கு எது என்று அதற்குத் தெரியாது. 1831-ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் வட காந்த துருவத்தைக் கண்ட இடம் பூத்தியா தீபகற்பம். கிரீஸ் ஃபியோர்டுக்கு விமானம் புறப்படும் ரெசலூட் ஊருக்குத் தெற்கே சுமார் 500 கி.மீ. அதன் பிறகு அந்தத் துருவம் வடக்கே நகர்ந்து, கனடாவின் தீவுகளைக் கடந்து, இந்த நூற்றாண்டில் ஆண்டுக்கு 50 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் சைபீரியாவை நோக்கிப் போனது.

உலகின் பெரும்பாலான இடங்களில் ஓடுபாதையின் எண் காந்த வடக்கை வைத்து எழுதப்படுகிறது. கனடாவின் வட வான்பரப்பில் புவியியல் வடக்கை வைத்து எழுதுகிறார்கள். ரெசலூட்டின் ஓடுபாதைக்கு 17டி, 35டி என்று பெயர்; ‘டி’ என்பது புவியியல் வடக்கை, அதாவது உண்மையான வடக்கை, குறிக்கும். விமானத்தில் உள்ள, திசை காட்டும் சுழல்மானியில் உண்மையான வடக்கைக் கையால் பொருத்திவிட்டு, அது நேரம் போகப் போக விலகுவதைத் திருத்திக்கொண்டே வர வேண்டும். 2011 ஆகஸ்ட் 20 அன்று எல்லோநைஃபிலிருந்து ரெசலூட்டுக்கு வந்த போயிங் 737-200 ஒன்றில் திசை காட்டும் கருவி இறங்கத் தொடங்கியபோதே 8 டிகிரி தவறாக இருந்தது. கடைசிக் கட்டத்தில் அது 17 டிகிரியாக வளர்ந்தது. தானியங்கி ஓட்டியும் ஓடுபாதைக்கு வழிகாட்டும் வானொலிக் கற்றையைப் பின்தொடர்வதை விட்டுவிட்டது. மேகத்துக்குள் இருந்த விமானம் ஓடுபாதைக்குக் கிழக்கே சுமார் ஒரு கடல் மைல் தள்ளி ஒரு குன்றில் மோதியது. 15 பேரில் 12 பேர் இறந்தார்கள். மூவர் பிழைத்தார்கள், அப்போது ராணுவப் பயிற்சிக்காகப் பக்கத்தில் முகாமிட்டிருந்தவர்கள் உடனே ஓடி வந்து உதவினார்கள். திசைகாட்டியின் தவறு ஒன்றே காரணம் என்று விசாரணை சொல்லவில்லை. விலகுவது தெரிந்தும் இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே எழாதது உட்படப் பல காரணங்கள் சேர்ந்தன. ஆனால் சங்கிலியின் தொடக்கக் கண்ணிகளில் ஒன்று அந்த 8 டிகிரி.

ரெசலூட்டிலிருந்து கிரீஸ் ஃபியோர்டுக்கு ஏறக்குறைய 390 கி.மீ. நடுவே ஒதுங்க வேறு ஊர் இல்லை. போய்ச் சேர்ந்தபின் மூடுபனியோ காற்றோ இறங்கவிடாவிட்டால் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். எனவே போக மட்டும் அல்ல, திரும்பி வரவும், அதற்கு மேல் இருப்புக்கும் எரிபொருள் ஏற்ற வேண்டும். ட்வின் ஓட்டர் மொத்தமே 5,670 கிலோ எடையோடு எழும்பலாம். எரிபொருள் கூடினால் பால் பெட்டியும் ஆப்பிளும் குறையும். ஊர்க் கடையில் காய்கறி விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இந்த எடைக் கணக்கும் ஒரு காரணம். கனடா அரசு வட பகுதிக்கு அனுப்பும் உணவுக்கு மானியம் தருகிறது. தந்தும் விலை கண்ணைக் கட்டுகிறது.

இவ்வளவு இக்கட்டான இடத்தில் ஊர் எப்படி வந்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். ஊர் தானாக வரவில்லை. 1953-ல் கனடா அரசு க்யூபெக்கின் வடபகுதியில் உள்ள இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, 2,000 கி.மீ. வடக்கே கொண்டுவந்து எல்ஸ்மியரிலும் ரெசலூட்டிலும் இறக்கியது. துருவ நிலத்தில் வாழத் தெரிந்தவர்கள் என்று பாண்ட் இன்லெட்டிலிருந்தும் சில குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 1955-ல் மேலும் சிலர் கொண்டுவரப்பட்டார்கள். நல்ல வேட்டை கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்று சொல்லப்பட்டது; அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. சூரியன் மறையாத கோடையும் எழாத குளிர்காலமும் இனுக்ஜுவாக்கிலிருந்து வந்தவர்கள் அறியாதவை. பனிப்போர்க் காலத்தில், ஆளில்லாத தீவுகளில் கனடாவின் உரிமையை நிலைநாட்ட மனிதர்கள் தேவைப்பட்டார்கள் என்பதே அவர்கள் பக்கத்துக் குற்றச்சாட்டு. 1990களில் பழங்குடி மக்களுக்கான அரச ஆணையம் இதை விரிவாக விசாரித்தது. 2010 ஆகஸ்டில் அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது. விமானம் இறங்க வசதியான இடமா என்று பார்த்து இந்த ஊரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கப்பல் அணுகும் கரை, போலீஸ் சாவடி, கடல்நாய் வேட்டை ஆகியவையே கணக்கில் வந்தன. ஓடுபாதை பின்னால் வந்தது. மிச்சம் இருந்த நிலத்தில் அடங்கிக்கொண்டது.

அதே அட்சரேகையில், கிழக்கே சுமார் 370 கி.மீ. தூரத்தில், கடலுக்கு அப்பால் கிரீன்லாந்தில் இன்னொரு ஓடுபாதை இருக்கிறது. 1951-ல் அமெரிக்க ராணுவம் கட்டிய துலே தளம். 2023 முதல் பிட்டுஃபிக் விண்வெளித் தளம் என்று பெயர். அந்த ஓடுபாதையின் நீளம் ஏறக்குறைய 3,000 மீட்டர். குண்டுவீச்சு விமானங்களுக்காகத் தார் போட்டுக் கட்டினார்கள். கறுப்புத் தார் வெயிலை விழுங்கி அடியில் உள்ள உறைந்த மண்ணை இளக்கிவிடும் என்பதால் அதன்மேல் வெள்ளை வண்ணம் பூசினார்கள். அந்தத் தளத்தின் விரிவாக்கத்துக்காக அங்கே வாழ்ந்த இனுகுயிட் மக்கள் 1953-ல், அதே 1953-ல், வடக்கே க்வானாக்குக்கு அனுப்பப்பட்டார்கள். அதற்காக டென்மார்க் பிரதமர் 1999-ல் மன்னிப்புக் கேட்டார். ஒரே குளிர், ஒரே உறைந்த மண், ஒரே நூற்றாண்டு. ராணுவத்துக்கு வேண்டும் என்றபோது 3,000 மீட்டர் முடிந்தது. ஆகவே கிரீஸ் ஃபியோர்டின் 500 மீட்டரை இயற்கையின் கட்டாயம் என்று மட்டும் விளக்குவதை நான் ஏற்கவில்லை. மலை ஒரு பகுதிக் காரணம். யாருக்காகக் கட்டுகிறோம் என்பது இன்னொரு பகுதி.

இனி மண்ணுக்கு வருவோம். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது சுழிய டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்கும் நிலத்தை உறைநிலம் என்கிறார்கள். உயர் ஆர்க்டிக்கில் அது நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரை போகும். கோடையில் மேலே உள்ள சிறு அடுக்கு மட்டும் இளகி, இலையுதிர் காலத்தில் மறுபடி உறையும். உறைந்திருக்கும் வரை அது பாறைக்கு நிகரான அடித்தளம். உள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான் ஆபத்து. குளிர்காலக் கடுங்குளிரில் நிலம் சுருங்கி வெடிக்கிறது. வசந்தத்தில் பனி உருகிய நீர் அந்த வெடிப்பில் இறங்கி உறைகிறது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் மீண்டும் வெடிப்பு, மீண்டும் நீர், மீண்டும் பனிக்கட்டி. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டராக வளர்ந்து, ஆயிரம் ஆண்டுகளில் மீட்டர் கணக்கில் அகலமான பனிக்கட்டி ஆப்புகள் நிலத்துக்குள் உருவாகின்றன. வானிலிருந்து பார்த்தால் அறுகோணமும் ஐங்கோணமுமாக வலை பின்னியது போலத் தெரியும் அந்தத் தரை. ஆப்பு உருகினால் நீர் வழிந்தோடிவிடும். மேலே இருக்கும் எதுவும் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கும்.

இக்காலுயிட் விமான நிலையத்தில் இது நடந்தது. 1942-43ல் அமெரிக்க விமானப்படை போட்ட ஓடுபாதை அது. போர் முடிந்து, பின்னாளில் ஓடுபாதையை நீட்டியபோதும் விமானங்கள் ஊர்ந்து செல்லும் பாதைகளைப் போட்டபோதும், பழைய ஓடைகளின் மேலும் பனிக்கட்டி ஆப்புகளின் மேலும் மண் கொட்டித் தார் போட்டுவிட்டார்கள். காலப்போக்கில் வரிவரியாகத் தரை அமிழ்ந்தது. லவால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தரை ஊடுருவும் ரேடாரால் அடிமண்ணைப் பார்த்தும், பழைய வான்படங்களோடு ஒப்பிட்டும், இன்று அமிழும் இடங்கள் நேற்று ஆப்புகளும் நீரோட்டமும் இருந்த இடங்களே என்று காட்டினார்கள். தார் போட்டவர்கள் மறைத்ததை நிலம் மறக்கவில்லை. நிலையத்தைப் பெரிய செலவில் புதுப்பித்து 2017-ல் புதிய முனையத்தைத் திறந்தபோது, இந்த ஆய்வுகள்தான் எங்கே என்ன செய்வது என்று வழிகாட்டின.

நுனவுட்டில் நெடுங்காலம் தார் ஓடுபாதை இருந்த ஊர்கள் இரண்டே இரண்டு: இக்காலுயிட், ரான்கின் இன்லெட். மற்றதெல்லாம் சரளை. ஏழ்மையின் அடையாளம் என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. உறைநிலத்தில் சரளைக்குத் தனி நியாயம் உண்டு. தாரைவிட வெளிர்நிறமானது, எனவே வெயிலைக் குறைவாக விழுங்கும். தரை ஓரிடத்தில் அமிழ்ந்தால் தார் விரிசல் விட்டுப் பாளம் பாளமாகப் பெயரும். சரளையில் ஒரு கிரேடர் வண்டி ஓட்டி, கல் நிரப்பி, உருளையால் அமுக்கிவிட்டால் மாலை விமானம் இறங்கலாம். குளிர்காலத்தில் சரளையும் பனியும் சேர்ந்து இறுகிக் காங்கிரீட் மாதிரி ஆகிவிடும். தொல்லை எல்லாம் வசந்தத்திலும் கோடையிலும்தான்: மேலடுக்கு இளகிச் சேறாகும், உலர்ந்தால் தூசி பறக்கும், கல் தெறித்துச் சுழலியில் வடு விழும்.

சரளையில் ஜெட் இறங்க முடியாதா என்றால், முடிந்தது. போயிங் 737-200க்கு அதற்கென்று ஒரு கருவித் தொகுப்பே இருந்தது. முன்சக்கரத்துக்குப் பின்னே ஒரு தட்டைப் பலகை, கல் உடலில் அடிக்காமல் தடுக்க. எஞ்சின் வாய்க்கு முன்னே நீட்டிய குழாய் ஒன்று, தரையிலிருந்து எஞ்சினுக்குள் கல்லைத் தூக்கிவரும் சுழற்காற்றைக் காற்று ஊதிக் கலைக்க. பின்னர் வந்த ஜெட்களின் எஞ்சின்கள் பெரிதாகி, தரைக்கு மிக அருகே தொங்குகின்றன. அந்த ஏற்பாடு அவற்றுக்குப் பொருந்தாது. பழைய 737-200கள் ஓய்வு பெறப் பெற, சரளை ஊர்களுக்கு வரக்கூடிய விமானங்களின் பட்டியல் சுருங்கிக்கொண்டே வருகிறது. விமானத் தொழில் சரளையை மறந்துகொண்டிருக்கிறது. இது கவலைப்பட வேண்டிய செய்தி.

வடக்கே சாலையோ ஓடுபாதையோ போடுபவர்களுக்கு முதல் விதி ஒன்று உண்டு: தரையை வெட்டாதே, மேலே கொட்டு. மேல்மண்ணையும் பாசியையும் அகற்றினால் வெயில் நேராக உறைநிலத்தைத் தொடும். போதிய கனத்துக்குச் சரளையைக் கொட்டினால், கோடையின் இளக்கம் அந்தக் கொட்டிய சரளைக்குள்ளேயே முடிந்து, அடியில் உள்ள பனிக்கட்டி தூங்கிக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கு ஓடுபாதையின் நடுவில் சரியாக வரும், ஓரங்களில் தவறும். ஓடுபாதையில் தள்ளிய பனி ஓரச் சரிவில் குவிகிறது. பனி கம்பளி மாதிரி. குளிர்காலக் குளிரை நிலத்துக்குள் இறங்கவிடாது. நிலம் தன் வெப்பத்தை வெளியே விட முடியாமல் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும். கோடையில் அந்தப் பனி உருகிச் சரிவின் அடியில் குட்டையாகத் தேங்கும். தேங்கிய நீர் வெயிலை விழுங்கி மேலும் ஆழமாக இளக்கும். ஓடுபாதை பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான் கெடத் தொடங்குகிறது.

இதற்கு மாற்று தேடிய பொறியாளர்கள் குளிரையே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். க்யூபெக்கின் வடபகுதியான நுனாவிக்கில், தஸியுஜாக் ஊர் விமான நிலையத்தின் ஓரச் சரிவுகளில் சில வழிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. சரிவைப் பொடி கலக்காத பெரிய கற்களால் அடுக்குகிறார்கள். கற்களுக்கு இடையே காற்று உலாவ இடம் இருக்கும். குளிர்காலத்தில் வெளியே உள்ள கனத்த குளிர்காற்று கற்களுக்குள் இறங்கும். அடியில் உள்ள வெதுவெதுப்பான காற்று மேலேறி வெளியேறும். கோடையில் மேலே சூடு, அடியில் குளிர். கனத்த காற்று ஏற்கெனவே அடியில் இருப்பதால் எதுவும் நகராது. குளிர் உள்ளே வரும், வெப்பம் உள்ளே வராது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. அலாஸ்கா எண்ணெய்க் குழாயைத் தாங்கும் தூண்களில் அம்மோனியா அடைத்த குழாய்கள் லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அவையும் இதே ஒருவழிக் கொள்கையில்தான் 1977 முதல் நிலத்தை உறையவைத்துக்கொண்டிருக்கின்றன.

இந்த உத்திகள் எல்லாம் ஒரே ஒரு நிபந்தனையில் வேலை செய்கின்றன: குளிர்காலம் போதிய குளிராக இருக்க வேண்டும். 1979 முதல் ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. உறைநிலம் மெதுவாகப் பதில் சொல்லும். ஆனால் சொல்லாமல் இருக்காது. ஓடுபாதை போட்டவர்கள் காலநிலை மாறாது என்று நம்பிச் சரளையின் கனத்தைக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு இப்போது செல்லாது.

நுனவுட்டின் சிறு விமான நிலையங்களில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை. ஊர்க்காரர் ஒருவர் வானொலியின் முன் அமர்ந்து காற்று, மேக உயரம், பார்வைத் தூரம், ஓடுபாதையின் நிலை ஆகியவற்றை வரும் விமானத்துக்குச் சொல்கிறார். இப்படிப்பட்ட பல நிலையங்களில் இரவில் விமானி தன் மைக் பொத்தானைச் சில முறை அழுத்தினால் ஓடுபாதை விளக்குகள் எரியும். கால் மணி நேரம் கழித்துத் தாமாக அணையும். மைனஸ் 40-ல் நின்றுவிட்ட எஞ்சினை மறுபடி கிளப்ப, கூடாரம் போல மூடி, தடித்த துணிக்குழாய் வழியாக ஹெர்மன் நெல்சன் சூடேற்றியால் வெப்பக்காற்றை ஊத வேண்டும். இவற்றைச் செய்யும் கைகள் இல்லாமல் எந்தப் பொறியியலும் ஓடாது.

இவ்வளவு பாடும் எதற்காக என்பதற்கு ஒரு விடை போதும். நுனவுட் முழுமைக்கும் ஒரே மருத்துவமனை, இக்காலுயிட்டில். கிரீஸ் ஃபியோர்டில் இருப்பது செவிலியர் நடத்தும் மருத்துவ நிலையம். கர்ப்பிணிகள் பேறுகாலத்துக்குச் சில வாரம் முன்பே குடும்பத்தை விட்டு விமானம் ஏறிப் போகிறார்கள். நெஞ்சுவலி வந்தவருக்கும், குடல்வால் வெடித்த குழந்தைக்கும் அந்த 500 மீட்டர்தான் ஆம்புலன்ஸ் வரும் தெரு. காற்று தவறினால் காத்திருக்க வேண்டும்.

2017-ல் கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் வடபுல விமான நிலையங்களைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டார். தேவைக்கும் ஒதுக்கும் பணத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது என்பதே அதன் சாரம். செய்ய வேண்டிய முதல் வேலைகள் பெரிய தொழில்நுட்பம் கேட்பவை அல்ல. ஒவ்வொரு ஓடுபாதையின் ஓரத்திலும் துளையிட்டு வெப்பமானிக் கம்பி இறக்கி, அடிமண்ணின் வெப்பத்தை ஆண்டு முழுவதும் பதிவு செய்ய வேண்டும். பனியைச் சரிவில் குவிக்காமல் தூரத்தில் தள்ள வேண்டும். தேங்கும் நீரை வடிய வைக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ள ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் தர வேண்டும். சில ஊர்களில் இவை தொடங்கியிருக்கின்றன. எல்லா ஊர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். 144 பேருக்காக இத்தனை செலவா என்று கேட்பவர்கள், அந்த 144 பேரில் பலருடைய பெற்றோரையும் பாட்டன் பாட்டியையும் அங்கே கொண்டுபோய் இறக்கியது யார் என்பதையும் கேட்டாக வேண்டும். இறக்கிவிட்ட அரசுக்கு அந்த ஓடுபாதை கடன். அதை உறைந்த தரையில் வைத்திருப்பது கருணை ஆகாது.